அட்டை பிரமாதம், கடிதத்தைக் காணோம்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' கெட்டி அட்டைப் பதிப்பு ஒன்றை ஆன்லைனில் 349 ரூபாய்க்கு வாங்கினேன். யார் போட்டது என்பது இருக்கட்டும். கருநீல அட்டை, தங்க எழுத்து, பக்கம் குறிக்க ஒரு நாடா, கூடவே நாலரை ஸ்டார். அந்த ஸ்டார் போட்டவர்களில் பாதிப்பேர் பார்சலைப் பிரித்த கையோடு போட்டிருக்கிறார்கள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

208ஆம் பக்கம் வரை எழுத்து கொஞ்சம் பொடிசு என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. 209 வரவேண்டிய இடத்தில் மறுபடியும் 193. பைண்டிங்கில் ஒரு பாரத்தை, அதாவது 16 பக்கத்தை, இரண்டு தடவை வைத்துத் தைத்துவிட்டு அடுத்த பாரத்தை விட்டுவிட்டார்கள். ஆக நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் வந்து கல்யாணத்துக்குக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறான், பக்கத்தைப் புரட்டினால் திரும்பவும் வந்து கேட்கிறான், திரும்பவும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். சிரிப்புதான் வந்தது. ஆனால் காணாமல் போன பாரத்தில்தான் அவன் எழுதிய கடிதம் இருக்கிறது.

1813இல் வந்த இந்த நாவலுக்கு ஆஸ்டின் முதலில் வைத்திருந்த பெயரே 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்', அதாவது பார்த்த மாத்திரத்தில் தோன்றும் அபிப்பிராயம். டார்சி நடன அரங்கில் நுழைந்த ஐந்தே நிமிடத்தில் வருஷத்துக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் என்று பேச்சு பரவுகிறது. பாதி ராத்திரி வரை அவனைப்போல் அழகன் உண்டா என்கிறார்கள், யாரோடும் ஒட்டாமல் நின்றதும் அதே முகம் சகிக்கவில்லை என்கிறார்கள். விக்கம் நேர்மாறு. ராணுவக் கோட்டு, லட்சணமான முகம், இனிக்க இனிக்கப் பேச்சு. அறிமுகமான மறுநாளே, தனக்கு வரவேண்டிய பாதிரியார் வேலையைத் தராமல் டார்சி தன் பிழைப்பைக் கெடுத்துவிட்டதாகக் கதை சொல்கிறான். ஊரையே கிண்டல் செய்கிற எலிசபெத், முகத்தைப் பார்த்தாலே உண்மை தெரிகிறதே என்று நம்பிவிடுகிறாள்.

கடிதம் வந்த பிறகுதான் எல்லாம் புரள்கிறது. பாதிரியார் வேலையே வேண்டாம் என்று 3,000 பவுண்டு வாங்கிக்கொண்டு போனவன் விக்கம், டார்சியின் 15 வயதுத் தங்கையை அழைத்துக்கொண்டு ஓடவும் பார்த்திருக்கிறான். எலிசபெத் முதலில் நம்ப மறுத்து மடித்து வைக்கிறாள், அரை நிமிடம்கூடத் தாங்காமல் மறுபடி பிரிக்கிறாள், ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாள். அப்போதுதான் உறைக்கிறது: முன்பின் தெரியாத பெண்ணிடம் இத்தனை சொந்தக் கதையை விக்கம் எதற்காகச் சொன்னான்? எனக்குத் தெரிந்து நாவலிலேயே உச்சமான இடம் இது. என் பிரதியை மட்டும் படிப்பவருக்கு, சில அத்தியாயம் கழித்து எலிசபெத் தன் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லும் வரை விக்கம் தங்கமான பிள்ளையாகவே இருப்பான். எலிசபெத்தின் தங்கை லிடியாவோடு அவன் ஓடிய பிறகு, எங்களுக்கு அவன்மேல் எப்போதுமே சந்தேகம்தான் என்கிறார்களே மெரிட்டன் ஊர் ஜனங்கள், அவர்களோடு சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

விட்டுப்போன அத்தியாயங்களை பழைய புத்தகங்களைத் தரும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே போனில் படித்து முடித்தேன். ரிட்டர்ன் எடுக்க வந்த தம்பி அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "புக்கு நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார். 208ஐயும் அடுத்த பக்கத்தையும் விரித்துக் காட்டினேன். பணம் நான்கு நாளில் வந்துவிட்டது, அதற்காக ஒரு ஸ்டார்.