இன்டர்செப்டரா, போனவில்லா: அடுத்த வண்டிக்கு முன் போட்ட கணக்கு

ஐந்து ஆண்டுகளில் 46,000 கிலோமீட்டர் ஓடிய என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ஐ மகனிடம் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்குவது என்று முடிவான நாளிலிருந்து, அடுத்த வண்டியும் அதே நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டுமா, அல்லது ட்ரையம்ஃபுக்கு மாறிவிடலாமா என்ற கேள்வி வீட்டில் சுற்றிக்கொண்டே இருந்தது. விற்பனைக் கூடத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. என் நல்ல நேரம், மைத்துனன் வேலைக்காக வெளிநாடு சென்றபோது, தன்னுடைய ட்ரையம்ஃப் போனவில் டி100-ஐ "சும்மா நிறுத்தி வைக்காமல் ஓட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனான். பதினான்கு மாதங்களில் அதை 9,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இரண்டும் ஒரே கொட்டகையில் அருகருகே நின்றதால், காலையில் எந்தச் சாவியைக் கை தானாக எடுக்கிறது என்பதையே ஒரு சோதனையாகக் கவனித்து வந்தேன்.

பழைய பெயரையும் பெருமையையும் பற்றிய பேச்சை முதலிலேயே முடித்துவிடுகிறேன். ராயல் என்ஃபீல்டு 1901-இலும் ட்ரையம்ஃப் 1902-இலும் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தன. முன்னது இங்கிலாந்தின் ரெடிச்சில் பிறந்து, 1955-இல் சென்னைக்கு வந்து, பிறந்த ஊரில் மூடப்பட்ட பிறகும் இங்கே தொடர்ந்து உயிரோடு இருந்தது. பின்னது கொவென்ட்ரியில் பிறந்தது. அதன் மெரிடன் ஆலை 1983-இல் மூடப்பட்டதும் ஜான் ப்ளூர் என்ற கட்டுமானத் தொழிலதிபர் அந்தப் பெயரை வாங்கி, ஹிங்க்லியில் முற்றிலும் புதிதாகத் தொடங்கினார். அறுபதுகளின் இன்டர்செப்டரும் 1959-இன் போனவில்லும் ஒரே காலத்தில் போட்டியிட்ட வண்டிகள். ஆக, பாரம்பரியம் என்ற தராசில் வைத்தால் இரண்டு தட்டும் ஏறக்குறைய சமமாகவே நிற்கும். அதை வைத்து வண்டி தேர்வு செய்கிறவர் உண்மையில் டேங்கின் மேலுள்ள எழுத்துக்குத்தான் பணம் கொடுக்கிறார். அதுவும் தவறில்லை, ஆனால் அதற்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

கேட்பதற்கும் இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருக்கும். அந்தக் கால பிரிட்டிஷ் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின்களில் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதனால் வெடிப்புகள் சம இடைவெளியில் விழும், அதிர்வும் அதிகம். இன்றைய இன்டர்செப்டரிலும் டி100-இலும் கிராங்க், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, 270 பாகை விலகலில் அமைந்திருக்கிறது. ஒரு பிஸ்டன் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது மற்றது நடுவழியில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் என்பதால் அதிர்வில் ஒரு பகுதி அங்கேயே தணிந்துவிடுகிறது. வெடிப்புகளும் 270, 450 என்று ஏறுமாறான இடைவெளியில் விழுவதால், சைலன்சரிலிருந்து அந்தத் 'தடக்... தட' என்ற நொண்டித் தாளம் கிடைக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், டி100-இன் ஒலி சற்றுக் கனமானது என்பதைத் தவிர எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வேறுபாடு முழுவதும் முறுக்குவிசையில், அதாவது எஞ்சின் சக்கரத்தைத் திருகும் பலத்தில், இருக்கிறது. இன்டர்செப்டரின் 648 சி.சி. எஞ்சின் 52 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்திற்கு 5,250 சுற்றில்தான் முழுமையாகத் தருகிறது. டி100-இன் 900 சி.சி. எஞ்சினோ 80 நியூட்டன் மீட்டரை 3,750 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. குதிரைத்திறனைப் பார்த்தால் 47-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசம்; அது நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டும்போது மட்டும் நினைவுக்கு வரும். முறுக்குவிசையின் வித்தியாசமோ ஒவ்வொரு வேகத்தடையிலும், ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிகிறது. வேகத்தடையில் இன்டர்செப்டரை இரண்டாம் கியருக்கு இறக்குவேன். ஏறி இறங்கியதும் மூன்று, பிறகு நான்கு. அதே இடத்தில் டி100-ஐ மூன்றாம் கியரிலேயே விட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் திருகினால் போதும், முனகாமல் எழுந்து போகும். அதற்கு ஐந்து கியர்கள்தான், என்னுடையதற்கு ஆறு. ஓட்டிப் பார்த்தால் ஐந்தே அதிகம் என்று தோன்றும். என் மனைவி பின்னிருக்கையில் இருந்து சொன்ன ஒரு வாக்கியம் எந்த வரைபடத்தையும் விடத் தெளிவாக இருந்தது: "அந்த வண்டியில நீங்க கியர் மாத்துறதே எனக்குத் தெரியல."

ஆனாலும் மலைப்பாதையில் எனக்கு இன்டர்செப்டர்தான் பிடித்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எஞ்சினைச் சற்று மேலே விரட்டி, கியரை மாற்றி மாற்றி, வேலை செய்து ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது வேலை வாங்கும், ஆனால் வாங்கிய வேலைக்குக் கூலியும் கொடுக்கும். அதன் ஆக்சிலரேட்டர் கேபிளால் இயங்குவது. டி100-இல் மின்னணு முறை, மழைக்கென்று தனியாக ஒரு ஓட்டுமுறையும் சறுக்கல் கட்டுப்பாடும் உண்டு. ஈரச் சாலையில் அந்த மழை முறையைப் போட்டுவிட்டால் மணிக்கட்டுக்குக் கவலை குறைகிறது. என்னுடையதில் அந்தக் கவலையை நானேதான் பட வேண்டும்.

எடையைப் பற்றி எச்சரிக்கையாகப் படிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. இன்டர்செப்டர் அறிமுகமானபோது சொல்லப்பட்ட 202 கிலோ என்பது எரிபொருள் சேராத எடை. டி100-க்குச் சொல்லப்படும் 228 கிலோ என்பது எல்லாம் நிரப்பிய எடை. இரண்டையும் அப்படியே பக்கத்தில் எழுதி, 26 கிலோ வித்தியாசம் என்று முடிவுகட்டுகிறவர்கள் பலர். டேங்கை நிரப்பினாலே என்னுடையதில் 10 கிலோ கூடிவிடும். மிச்சமிருக்கும் வித்தியாசத்தையும் டி100 தன் உயரத்தால் ஈடுகட்டுகிறது: அதன் இருக்கை 790 மில்லிமீட்டர், என்னுடையது 804. ஒரு விரல் அகலம்கூட இல்லாத இந்த 14 மில்லிமீட்டரை முதலில் நான் பொருட்படுத்தவில்லை. இடது முட்டியில் வலி வந்த பிறகு, சரிவான இடத்தில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளும்போது, குதிகால் தரையில் படுவதற்கும் விரல் நுனி மட்டும் படுவதற்கும் உள்ள தூரம் அதுதான் என்று தெரிந்தது.

எரிபொருள் விஷயத்தில் எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. என் கையில் இன்டர்செப்டர் லிட்டருக்கு 25, டி100 அதைவிட ஒன்று ஒன்றரை குறைவு. டேங்க் முறையே 13.7, 14.5 லிட்டர் என்பதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். எதை ஓட்டினாலும் 270 கிலோமீட்டர் தாண்டியதும் பெட்ரோல் பங்க் தேடத் தொடங்கிவிடுவேன். டி100-இன் மீட்டர் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம், எந்தக் கியரில் இருக்கிறோம் என்றெல்லாம் சொல்லும். என்னுடையது கியரைச் சொல்லாது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் இல்லாத ஏழாவது கியரை அவ்வப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். பிரேக்குகள் இரண்டிலும் போதுமானவை.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் டி100 பக்கம் தராசு சாய்ந்துவிட்டது என்று தோன்றும். எனக்கும் எட்டு மாதங்கள் வரை அப்படித்தான் இருந்தது. அதன் பிறகு நான் கவனிக்கத் தொடங்கியது, ஓடாத நேரத்தை.

செயினிலிருந்து தொடங்குகிறேன். இரண்டிலும் செயின்தான், சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிட வேண்டும். இன்டர்செப்டரை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் காற்றில் நிற்கும். இடது கையால் சக்கரத்தைச் சுழற்றியபடி வலது கையால் எண்ணெயைத் தெளித்து, ஐந்து நிமிடத்தில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். மைத்துனனின் டி100-இல் சைடு ஸ்டாண்ட் மட்டுமே இருந்தது. சென்டர் ஸ்டாண்டைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம், அவன் பொருத்தவில்லை. அதனால் செயினில் ஒரு முழம் துடைப்பேன், எழுந்து வண்டியை நிமிர்த்தி ஒரு முழம் தள்ளுவேன், மறுபடி ஸ்டாண்டைப் போட்டுக் குந்துவேன். சுற்று முடிவதற்குள் முதலில் துடைத்த இடம் எது என்பது மறந்துபோய்விடும். கடைசியில் ஒரு கண்ணியில் சுண்ணாம்பால் புள்ளி வைத்துக்கொண்டேன்.

அடுத்தது டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய மிகச் சிறிய இடைவெளி. இன்டர்செப்டரின் வால்வு இடைவெளியைத் திருகாலும் பூட்டு நட்டாலும் சரிசெய்யலாம். பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளைப் பிரித்துப் பழகியவருக்கு அது புதிதல்ல. இரவு முழுவதும் ஆறிய எஞ்சினில், காலையில் மூடிகளைக் கழற்றி, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை இடையில் நுழைத்து இழுக்கும்போது, வெண்ணெயில் கத்தி போவது போன்ற ஒரு சிறு பிடிப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். இறுக்கமாக இருந்தாலும் தவறு, வழுக்கிக்கொண்டு வந்தாலும் தவறு. முதன்முறை செய்தபோது நான் ஒரு பிழை செய்தேன். முதல் சிலிண்டரை முடித்துவிட்டு, பழைய எஞ்சின்களின் பழக்கத்தில் கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இரண்டாவதை அளந்தேன். 270 பாகை கிராங்கில் இரண்டாவது பிஸ்டன் அந்த இடத்தில் உச்சியில் இருக்காது என்பது தெரிந்த செய்திதான். கைக்கு அது அந்த நேரத்தில் தெரியவில்லை. எஞ்சின் 'டக் டக்' என்று தையல் இயந்திரம் போலப் பேசியதும் நிறுத்தி, கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து செய்தேன். ஒரு ஞாயிறு போயிற்று. அந்த எஞ்சினை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லத் தொடங்கியது அந்த ஞாயிறிலிருந்துதான்.

டி100-ஐ நான் அப்படித் திறக்கவில்லை. அது இன்னொருவருடைய பொருள் என்பது ஒரு காரணம். திறக்கத் தேவையே எழவில்லை என்பது மற்றொரு காரணம்: அதன் சர்வீஸ் இடைவெளி 16,000 கிலோமீட்டர். நான் ஓட்டிய காலத்தில் செயின், காற்று, கூலன்ட் அளவு ஆகியவற்றைத் தவிர அது என்னிடம் எதையும் கேட்கவில்லை. ரேடியேட்டரைச் சட்டத்தின் முன்குழாய்களுக்கு நடுவே ஒடுக்கி வைத்து, எரிபொருள் ஊசி அமைப்பின் த்ராட்டில் பாடியைப் பழைய கார்புரேட்டர் போலவே வார்த்து, நவீனம் எதுவும் கண்ணில் படாதபடி மறைத்திருக்கிறார்கள். வேலைப்பாடு அருமை. ஆனால் அந்தக் கார்புரேட்டரின் முன் ஸ்பேனருடன் குந்தினால் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. என்னைப் போல ஞாயிறு காலையில் கையில் கிரீஸ் படாவிட்டால் எதையோ இழந்தது போல உணர்கிறவருக்கு இது ஒரு குறை. ஓட்டவும் துடைக்கவும் மட்டுமே நேரமுள்ளவருக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. இரண்டில் நீங்கள் யார் என்பதை நேர்மையாகச் சொல்லிக்கொண்டால் மீதிக் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும்.

மைத்துனன் திரும்பி வந்து இரண்டு வாரம் என் வண்டியை ஓட்டினான். சாவியைத் திருப்பித் தரும்போது, "எஞ்சினை நீங்களே வச்சுக்குங்க, மாமா. அந்த சென்டர் ஸ்டாண்டை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க" என்றான். தன் வண்டிக்கும் ஒன்று வாங்கப் போவதாக இப்போது சொல்கிறான்.

நான் மறுபடியும் இன்டர்செப்டரே எடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். டி100-இன் மூன்றாம் கியரை இழக்கிறேன் என்பது தெரிந்தே எடுத்த முடிவு அது. மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. ஒரே ஒரு மாற்றம்: இந்த முறை ஸ்போக் சக்கரம் வேண்டாம் என்று நினைக்கிறேன். டியூப் உள்ள பின்சக்கரத்தில் ஆணி ஏறி, வழியிலேயே சக்கரத்தைக் கழற்றி, டயரை நெம்பி, டியூபுக்கு ஒட்டுப் போட்டு மாட்டுவதற்குள் இருட்டிவிட்ட ஒரு மாலை இன்னும் முதுகில் இருக்கிறது. 2023-இல் வந்த சில வகைகளில் அலாய் சக்கரமும் டியூப் இல்லாத டயரும் உண்டு. அதில் அந்த ஆணியை வெளியிலிருந்தே பிடுங்கி, ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஸ்போக் இல்லாத இன்டர்செப்டரைப் பார்க்க, மீசை மழித்த மாமாவைப் பார்ப்பது போல இருக்கிறது என்பது மகனின் கருத்து. பழைய வண்டி அவனுக்குப் போவதால், ஸ்போக்குகளைத் துடைக்கும் வேலையும் அவனுக்கே.