கப்பல் சுற்றுலா: நேரே பதிவதா, ஏஜெண்டிடம் கொடுப்பதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் ஒரு விசேஷம் முடிந்ததும் குடும்பமாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து நாலைந்து நாள் கப்பலில் சுற்றிவிட்டு வருவது இப்போது பரவலாகிவிட்டது. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) சாந்திக் கல்யாணம் முடிந்த கையோடு நாங்களும் போய் வந்தோம். வந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நெட்லயே போட்டிருக்கலாமே, நடுவுல ஏஜெண்டு எதுக்கு?"

நாங்கள் உள்ளூர் ஏஜெண்டிடம்தான் கொடுத்தோம். பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் அடுத்த தடவையும் அப்படித்தான் செய்வேன். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் கணக்கு வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் காசு. கப்பல் கட்டணம் பெரும்பாலும் இரண்டு வழியிலும் ஒன்றுதான். ஏஜெண்டுக்கான கமிஷனைக் கப்பல் நிறுவனமே அந்தக் கட்டணத்துக்குள்ளிருந்து கொடுத்துவிடுகிறது. நேரே பதிந்தால் அந்தக் கமிஷன் நமக்குக் குறைவதில்லை. விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் ஏஜெண்டு தனியாகச் சேவைக் கட்டணம் வாங்கலாம். அதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரே பதிகிறவர்கள் கவனிக்க மறக்கும் ஒரு செலவும் உண்டு. வெளிநாட்டுத் தளத்தில் டாலரில் கட்டினால் பல கிரெடிட் கார்டுகள் 2 முதல் 3.5% வரை மாற்றுக் கட்டணம் போட்டு, அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்க்கும். ஏஜெண்டிடம் ரூபாயில் கட்டுகிறோம். அவர் எந்த மாற்று விகிதத்தில் கணக்குப் போடுகிறார் என்று மட்டும் பாருங்கள். துறைமுக வரியும், தினப்படி ஆளுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் டிப்ஸும் இரண்டு வழியிலும் உண்டு. ஆட்கள் அதிகம் என்றால் குழுக் கட்டணம் கேட்கலாம். பல நிறுவனங்களில் பொதுவாக 8 அறைகள் சேர்ந்தால் குழுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை இணையதளத்தில் நாமே போட வழியில்லை, யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வரி விஷயம் கொஞ்சம் சிக்கல். விமானம், தங்குமிடம், கப்பல் எல்லாவற்றையும் ஒன்றாக ஏஜெண்டிடம் வாங்கினால் அது வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் ஆகிவிடும், டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். 2023 அக்டோபரிலிருந்து ஆண்டுக்கு 7 லட்சம் வரை 5%, அதற்கு மேல் 20% என்று இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. 2026 பட்ஜெட்டில் வரம்பையே எடுத்துவிட்டு, அந்த ஏப்ரலிலிருந்து ஒரே 2% என்று ஆக்கினார்கள். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இது மாறுகிற சங்கதி என்பதால், பணம் கட்டும் மாதத்தில் என்ன விகிதம் என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிடித்த பணத்தை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கணக்கே தாக்கல் செய்யாத பெரியவர் பான் எண்ணில் பிடித்துவிட்டால், அதைத் திரும்ப வாங்க அவருக்காக ஒரு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.  யார் யார் செலவு எந்தப் பானில் என்று பில் போடும் முன்பே பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

சரி, காசில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் எதற்கு ஏஜெண்டு?

கப்பலைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு பலன் தெரிந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஆசை பினாங்கு மேல்தான். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குக் கொண்டு விற்க, அதாவது தொழில் செய்ய, போன தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். வாட்டர்ஃபால் ரோட்டில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அப்பத்தா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் இணையத்தில் பார்த்து வைத்திருந்த பயணம் பினாங்கு, புக்கெட் இரண்டையும் தொட்டு வருவது. ஊர் இரண்டு கிடைக்கிறதே என்று அதையே போடச் சொன்னேன். ஏஜெண்டு உடனே கேட்டார்: "அப்பத்தாவுக்கு வீல்சேர் வேணும்னீங்களே ஆச்சி, புக்கெட்ல எப்படி எறங்குவாங்க?"

புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பலவும் கரையை ஒட்டி நிற்பதில்லை. பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுச் சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். அலை இருந்தால் வீல்சேரில் இருப்பவரைப் படகுக்கு மாற்ற அனுமதிக்க மாட்டார்கள். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை, ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு அணைந்து நிற்கும், நேரே தள்ளிக்கொண்டு இறங்கலாம். இந்த விவரம் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் இல்லாமல் இல்லை. பயண அட்டவணையில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறியாக இருக்கும், அதை என்னவென்று தெரிந்து பார்க்கிற கண் வேண்டும். கடைசியில் பினாங்கில் அதிக நேரம் நிற்கிற பயணமாகப் பார்த்துப் போட்டோம். அப்பத்தா கோயிலில் நிதானமாக உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு வர நேரம் இருந்தது.

அறைத் தேர்வும் அப்படித்தான். விலை குறைவு என்று "கேரண்டி" அறை எடுத்தால், எந்த அறை என்பதை நிறுவனம் பிறகு அதன் இஷ்டத்துக்கு ஒதுக்கும். அப்பத்தா ஒரு கோடியிலும் நாங்கள் மறு கோடியிலும் இருந்தால் ராத்திரி யார் பார்ப்பது? ஏஜெண்டு தள வரைபடத்தை மேசைமேல் விரித்து, ஆட்டம் குறைவாகத் தெரிகிற நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கமாக, மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கிற தளமாகப் பார்த்துப் பேனாவால் கட்டம் போட்டுக் கொடுத்தார். மேல் தளத்தில் நீச்சல் குளம் இருந்தால் விடிகாலையில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்குமாம். பொறுமையாகத் தேடினால் இதை நாமே செய்யலாம், பொறுமை உள்ளவர்கள் செய்கிறார்கள்.

விசாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் சிங்கப்பூரை விட்டு மலேசியா போய்த் திரும்பினால், நாம் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறோம். பல தடவை நுழையும் விசாவா என்று பார்த்துவிட வேண்டும். சிங்கப்பூர் விசாவுக்கு எப்படியும் அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாகத்தான் பலரும் போகிறார்கள். பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிக் கஷ்டம் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், ஒருவருக்கு இனிஷியல் விரிந்திருக்கும், இன்னொருவருக்கு அப்பச்சி பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். விமானத்துக்கு ஒரு மாதிரி, கப்பலுக்கு ஒரு மாதிரி அடித்துவிட்டால் செக்-இன் இடத்தில் நிற்க வேண்டிவரும். எங்கள் ஏஜெண்டு பெயரை வாயால் சொல்ல விடவே இல்லை. "பாஸ்போர்ட்டப் படம் எடுத்து அனுப்புங்க, அதப் பாத்துத்தான் அடிப்பேன்" என்றார்.

இதெல்லாம் இருந்தாலும், இவ்வளவுக்காக மட்டும் ஏஜெண்டிடம் போங்கள் என்று சொல்ல மாட்டேன். பதிந்த பிறகு ஏதாவது மாறினால் யார் நமக்காகப் பேசுவது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

கப்பல் டிக்கெட்டின் விதிகள் கடுமையானவை. முன்பணம் கட்டுகிறோம். முழுப் பணம் கட்ட ஒரு கடைசித் தேதி உண்டு, பெரும்பாலும் புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால். அதற்குப் பிறகு ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறிக்கொண்டே போய், கடைசி வாரங்களில் முழுத் தொகையும் போய்விடும். நம் குடும்பங்களோ பெரியவை. பங்காளி வீட்டில் ஒரு கேதம் என்றால் தீட்டு நமக்கும் உண்டு, கப்பலில் ஏறிச் சுற்றுலா போக முடியாது. பயணக் காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று நினைப்போம். பாலிசியில் "நெருங்கிய குடும்பம்" என்பதற்குப் பெரும்பாலும் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், அதிகம் போனால் மாமனார் மாமியார் என்றுதான் இருக்கும். பங்காளிக்கு அங்கே இடமில்லை.

எங்களுக்கு அதுதான் நடந்தது. முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. அயித்தை வீட்டுப் பங்காளி ஒருவர் காலமாகிவிட்டார், அயித்தையும் மாமாவும் வர முடியாது. ஏஜெண்டுக்குப் போன் செய்தபோது அவர் ரத்து என்ற பேச்சையே எடுக்கவில்லை. "அந்த ரூமுக்கு வேற யாராவது வர்றாங்களான்னு பாருங்க ஆச்சி. பேர் மாத்தலாம், ரத்து பண்ணினாத்தான் காசு போகும்" என்றார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சின்னாத்தா மகளும் அவள் வீட்டுக்காரரும் வருகிறோம் என்றார்கள். விமானமும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ஏஜெண்டு கப்பல் நிறுவனத்தின் இந்தியப் பிரதிநிதி அலுவலகத்தில் தனக்குத் தெரிந்த ஆளைப் பிடித்து, ஒரு கட்டணத்தோடு பெயரை மாற்றிவிட்டார். விமான டிக்கெட் பெயர் மாற்ற முடியாதது, அதில் வரி மட்டும் திரும்பி வந்தது. கப்பல் அறைக்கான பணம் தப்பியது.

இதையே நேரே பதிந்தவருக்கு எப்படி நடக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சென்னையில் இருக்கும் பெரியப்பச்சி மகன், அண்ணன், வேறொரு நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகப் பதிந்திருந்தார். அவரும் ஒரு பெயரை மாற்ற வேண்டியிருந்தது. சாட்டில் ஒரு பதில், போனில் இன்னொரு பதில், ஒவ்வொரு தடவையும் வேறு ஆள், முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். முடிவில் மெயில் மேல் மெயில் போட்டுச் சாதித்துவிட்டார். அண்ணன் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் பேசியே பழகியவர், விடாமல் துரத்தக்கூடியவர். சாந்தி வேலை, கேதத்துக்குப் போய்வருவது என்று வீடே அலைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் எனக்கு அது முடிந்திருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. ஏஜெண்டு வழியாகப் பதிந்தால் அந்தப் பதிவு அவர் கையில் இருக்கிறது. நாமே நிறுவனத்தைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னால், உங்கள் ஏஜெண்டிடம் பேசுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். வைஃபை, சுற்றிக்காட்டும் பேருந்து போன்றவற்றை ஆப்பில் நாமே சேர்க்கலாம். அறை மாற்றம், ஆள் மாற்றம், ரத்து எல்லாம் அவர் வழியாகத்தான். ரீஃபண்டும் பெரும்பாலும் அவர் வழியாகத்தான் வரும். 2020 மார்ச்சில் கொரோனாவால் உலகமெங்கும் கப்பல்கள் நின்றபோது, நேரே கார்டில் கட்டியவர்களுக்குப் பணம் கார்டுக்கே திரும்பியது. ஏஜெண்டு வழியாகக் கட்டியவர்கள் நிறுவனம் அவருக்கு அனுப்பி, அவர் தங்களுக்கு அனுப்பும்வரை காத்திருந்தார்கள். ஆகவே ஏஜெண்டு நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, கடை நிலைத்து நிற்பதாகவும் இருக்க வேண்டும்.

பணம் கட்டிய அன்றே கப்பல் நிறுவனத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஏஜெண்டின் சொந்த ரசீது எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நிறுவனத்தின் எண்ணை அவர்கள் ஆப்பில் போட்டுப் பார்த்தால் பெயர், அறை எண், எவ்வளவு கட்டியிருக்கிறது, பாக்கி எவ்வளவு என்று நாமே பார்க்கலாம். எண்ணைத் தரத் தயங்குகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கப்பலில் ஆள் அனுப்பிப் பழக்கம் உண்டா என்பதையும் கேளுங்கள். விமான டிக்கெட் போடுவதில் கெட்டிக்காரராக இருக்கும் சிலருக்குக் கப்பல் விதி தெரியாது. புறப்படும் அன்று காலையில் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போய் இறங்கி அப்படியே கப்பல் ஏறலாம் என்று சொல்கிறவர் இருந்தால் அவருக்குக் கப்பல் வேலை தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய்த் தங்க வேண்டும்.

பெரிய ஆன்லைன் பயணத் தளங்கள் வழியாகக் கப்பல் பதிந்தவர்கள் சிலர் நல்ல சலுகை கிடைத்தது என்கிறார்கள். நான் அந்த வழியில் போனதில்லை. அங்கேயும் பதிவு ஒரு இடைத்தரகர் கையில்தான் இருக்கும். கூப்பிட்டால் நமக்குத் தெரிந்த முகம் வராது. அதனால் எனக்கு அதில் ஈடுபாடு வரவில்லை. ஐரோப்பா, அலாஸ்கா பக்கமும் நான் போனதில்லை, மேலே சொன்னதெல்லாம் சிங்கப்பூர்க் கப்பலை வைத்துத்தான். அவ்வளவு தூரம் போவதாக இருந்தால் காரைக்குடியில் தேடுவதைவிடச் சென்னையில் கப்பல் வேலையை மட்டுமே செய்கிற ஒருவரைப் பிடிப்பேன் என்று நினைக்கிறேன்.

இருவர் மட்டும் போகிறீர்கள், தேதி மாறாது, விசாத் தொல்லை இல்லை என்றால் நேரே பதியுங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2023 ஜூனில் இலங்கைக்குக் கப்பல் விட ஆரம்பித்த கார்டிலியா போன்ற நம் நாட்டு நிறுவனங்கள் ரூபாயிலேயே வாங்கிக்கொள்கின்றன, தளத்தில் பதிவது கஷ்டமில்லை. இடையில் மனம் மாறினாலும் ஒரு வழி உண்டு. சில நிறுவனங்களில், நேரே பதிந்து முன்பணம் மட்டும் கட்டியிருந்தால், குறிப்பிட்ட சில வாரங்களுக்குள் அந்தப் பதிவை ஒரு ஏஜெண்டு பெயருக்கு மாற்றிக்கொள்ள விடுகிறார்கள். முழுப் பணம் கட்டிவிட்டால் அந்தக் கதவு அடைபட்டுவிடும். ஆகவே நல்ல அறை கைவிட்டுப் போய்விடும் என்று அவசரமாக நேரே பதிகிறவர்கள், அந்தக் காலக்கெடு எத்தனை நாள் என்று அன்றைக்கே நிறுவனத்திடம் மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.