பிரேக் ஆயில் மாற்றியதாக பில் வந்தால் முதலில் நிப்பிளைப் பாருங்கள்

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பெயர் வேண்டாம், இந்த வேலையைச் செய்கிற கடை அது ஒன்று மட்டும் இல்லை. பில்லில் ‘பிரேக் ஆயில் 1 லிட்டர்’ என்று ஒரு வரி, ‘நாலு வீல் ஏர் பிளீடிங் லேபர்’ என்று இன்னொரு வரி. அதாவது ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் ‘நிப்பிள்’ என்கிற சின்னத் திருகைத் திறந்து, பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் வேலை. இரண்டும் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம். பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவையும் காட்டினார்கள். இளமஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியாறு பக்கம் இறங்குகிற 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியதுமே பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போக ஆரம்பித்தது. இரண்டு தரம் மிதித்தால்தான் பிடித்தது. கியரைக் குறைத்து ஓரங்கட்டி, நன்றாக ஆறவிட்டுத்தான் மீதி மலையை இறங்கினோம்.

ஊர் வந்ததும் ஜாக்கி போட்டுச் சக்கரங்களைக் கழற்றினேன். பின்பக்க நிப்பிளின் ரப்பர் மூடிமேல் சேறு காய்ந்து ஓடாகப் பிடித்திருந்தது. மூடியைப் பிடுங்கினால் உள்ளே துரு. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. நாலு சக்கரத்திலும் இதே கதைதான்.

நடந்தது இதுதான்: டப்பாவில் இருந்த பழைய ஆயிலை சிரிஞ்சில் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றியிருக்கிறார்கள். சின்ன காரின் டப்பா கால் லிட்டர் பிடித்தாலே அதிகம். ஒரு லிட்டருக்கு பில் எதற்கு? பைப்பிலும், சக்கரத்தில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் காலிப்பரிலும் பழைய ஆயில் அப்படியே கிடக்கிறது. சூடு ஏறுவதும் அங்கேதான். டாட் 4 என்ற தரத்துப் புது பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த ஆயிலின் கொதிநிலைக்குத் தரக்கட்டுப்பாடு கேட்பதே குறைந்தது 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி வரும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் ஆழமாகப் போவது அதனால்தான்.

கேட்டதற்கு, “பழைய வண்டி சார், நிப்பிள்ல கை வெச்சா ஒடிஞ்சிடும், அதான் மேலே மட்டும் மாத்தினோம்” என்றார்கள். துருப்பிடித்த நிப்பிள் ஒடியும் என்பது உண்மைதான். அதை வண்டி எடுக்கும்போதே சொல்லியிருக்கலாமே? செய்யாத வேலைக்கு லேபர் போட்டதற்கு அவர்களிடம் பதில் இல்லை. சத்தம் போட்ட பிறகு லேபரை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

கடைசியில் வீட்டிலேயே முடித்தோம். துரு இளக முந்தின ராத்திரியே நிப்பிள்களில் எண்ணெய் விட்டு வைத்தேன். மச்சினனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பெடல் அடிவரை போகாதபடி கீழே ஒரு மரக்கட்டை வைத்தேன். பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதாக இருந்தால், கடைசிவரை மிதிக்கும்போது உள்ளே இருக்கும் ரப்பர் கிழிய வாய்ப்புண்டு. நமக்கு ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கினேன். (சில வண்டிகளில் வரிசை மாறும், மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) நிப்பிளில் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் விட்டேன். “மிதிடா” என்றால் அவன் மிதித்து, “பிடிச்சிட்டேன் மாமா” என்பான். நான் ரிங் ஸ்பேனரால் கால் சுற்றுத் திறப்பேன். பெடல் இறங்கியதும் “போயிடுச்சு” என்பான். மூடிய பிறகுதான் “விடு”. நிப்பிள் திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இடையிடையே டப்பாவில் ஆயில் குறையாமலும் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த முதல் சக்கரத்தில் டியூபில் வந்தது டிகாஷன் மாதிரி கறுப்பு. புதிதாக மாற்றியதாகச் சொன்ன ஆயில்!

வீட்டில் செய்ய முடியாதவர்கள், வண்டியை விடும் முன் நாலு நிப்பிள்களிலும் தலையையும் அடிப்பாகத்தையும் சேர்த்து நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திருகியிருந்தால் கோடு விலகும் அல்லது உடையும். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், நாள்கணக்கில் திறந்து கிடக்கிற டின்னிலிருந்து ஊற்ற விடாதீர்கள். வெளியே எடுத்த பழைய ஆயிலையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் மாற்றியிருந்தால் பாட்டிலில் அரை லிட்டராவது இருக்கும்.