சமையல் மேடைக்கு எது: கடப்பா கல்லா, கறுப்பு கிரானைட்டா?

பாலிஷ் போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்தால் கடப்பாவும் கறுப்பு கிரானைட்டும் அண்ணன் தம்பி போலத் தெரியும். பிறப்பு வேறு. கடப்பா படிவுப் பாறை. ஆந்திராவின் கடப்பா, கர்நூல் பக்கம் 54 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் சுண்ணாம்புச் சேறு அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல் அது. கறுப்பு கிரானைட் தீப்பாறை. பூமிக்குள் பாறைக்குழம்பு ஆறும்போது கனிமப் படிகங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு வளர்ந்தது. மேடை போட்ட பிறகு வரும் நல்லது கெட்டது பெரும்பாலும் இந்தப் பிறப்பைப் பொறுத்ததுதான்.

புவியியல் கணக்குப்படி கறுப்பு கிரானைட் கிரானைட்டே அல்ல. ஆந்திராவின் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி என்ற கறுப்பு கிரானைட், கேப்ரோ என்ற கருநிறத் தீப்பாறை வகை. அதில் மின்னும் பொன் புள்ளிகள் பிரான்சைட் என்ற கனிமம். சந்தைப் பெயர் தவறு என்பதால் வாங்குபவருக்கு நஷ்டம் ஏதுமில்லை.

நம் சமையலறைக்கு முதல் கேள்வி புளிப்பு. கடப்பாவில் பெரும்பகுதி கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, தக்காளி, மோர் எது சிந்தினாலும் மேல்பரப்பு கொஞ்சம் கரைந்துவிடும். பாலிஷ் போய் வெளிர் சாம்பல் நிறத்தில் வட்டம் விழும். அது கறை அல்ல, அரிப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எண்ணெய் துடைத்தால் சில நாள் மறையும், பிறகு மீண்டும் தெரியும். வைரத் துகள் பதித்த பாலிஷ் பேட் போட்டு மறுபடி பாலிஷ் செய்தால்தான் தீரும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைக் கடப்பாவில் ஊற்றினால் கண்ணெதிரே நுரைத்துப் பொங்கும். கறுப்பு கிரானைட்டில் இருப்பவை ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன் என்ற கனிமங்கள். அடுப்படிப் புளிப்புக்கு அவை அசையாது.

அடுத்தது கீறல். கனிமத்தின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கால்சைட் 3, கத்தி இரும்பு சுமார் 5.5, ஃபெல்ட்ஸ்பார் 6. அதனால்தான் அம்மிக்கல்லை இழுத்து வைத்தால்கூடக் கடப்பாவில் கோடு விழுகிறது. கறுப்பு கிரானைட்டில் கத்தி இழுத்தால் பல நேரம் கத்தியின் இரும்புதான் கோடாகப் படியும், துடைத்தால் போய்விடும்.

ஆனாலும் கடப்பாவை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை. அடுக்குப் படிவாக இருப்பதால் பலகை பலகையாகப் பிளக்கும், அறுப்புச் செலவு குறைவு, விலையும் குறைவு. அலமாரித் தட்டு, ஸ்டோர் ரூம், மேடைக்குக் கீழே சிலிண்டர் பக்கத்துத் தடுப்பு ஆகியவற்றுக்கு அதைவிட நல்ல கல் தேட வேண்டாம். 18 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர அடி சுமார் 4.5 கிலோ வரும். கறுப்பு கிரானைட் 5 கிலோவை எட்டும். தட்டுக்கு 2 அடிக்கு ஒரு தாங்கல் கொடுத்துவிடுங்கள். விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்: பக்கவாட்டில் மெல்லிய கோடு தெரிந்து, நகம் சிக்கினால் அந்த அடுக்கு பின்னால் செதிலாக உரியும்.

கடையில் வாய்ச்சொல்லை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அறுத்து மிஞ்சிய துண்டு ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள். எலுமிச்சைச் சாறு 4 சொட்டு விட்டு 15 நிமிடம் கழித்துத் துடைத்தால், மங்கிப்போன வட்டம் இருந்தால் அது சுண்ணாம்புக்கல். கறுப்பு கிரானைட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. வெளிறிய கல்லுக்குச் சாயம் ஏற்றி விற்பதும் நடக்கிறது. வெள்ளைத் துணியை அசிட்டோன் என்ற கரைப்பான் திரவத்தில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் அந்த ஸ்லாப் வேண்டாம். பிறகு ஸ்லாப் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். எல்லா இடமும் காய்ந்த பிறகும் ஈரக்கோடாக நிற்பது மயிரிழை போன்ற விரிசல். அது சிங்க் அறுக்கும் இடத்தில் வந்தால் கல் உடைய வாய்ப்பு அதிகம்.

உடைவதில் பெரும்பங்கு கல்லின் குற்றமல்ல, வேலையின் குற்றம். சிங்க் துளையின் நான்கு மூலையையும் கூராக வெட்டினால் விசை முழுவதும் அந்த முனையில் குவிந்து விரிசல் தொடங்கும். முதலில் மூலைகளில் வட்டத் துளை போட்டு, பிறகு துளைக்குத் துளை அறுக்கச் சொல்லுங்கள். சிங்குக்கு முன்னால் 3 அங்குலமாவது கல் மிஞ்ச வேண்டும். அடியில் கலவை இடைவெளியில்லாமல் பரவியிருக்க வேண்டும். பதித்து மறுநாள் நாணயத்தால் தட்டினால் பொள்ளல் சத்தம் வரும் இடத்தில் கலவை இல்லை என்று பொருள். உரல், கிரைண்டர் வைக்கும் இடத்தில் அந்தப் பொள்ளலை அப்படியே விட்டுவிடாதீர்கள். விளிம்பை உருட்டிச் செதுக்கும் மோல்டிங் வேலை வீட்டுக்குள் நடந்தால் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், கல் தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஆகவே அடுப்பும் சிங்கும் வரும் மேடைக்குக் கறுப்பு கிரானைட், மற்ற எல்லாத் தட்டுக்கும் கடப்பா. பட்ஜெட் இடித்தால் மேடையின் நீளத்தைக் குறையுங்கள், கல்லை மாற்றாதீர்கள். கடப்பா மேடை ஏற்கெனவே இருக்கிறதென்றால், புளி கரைக்கும் பாத்திரத்துக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வையுங்கள், சிந்தியதை உடனே தண்ணீரால் துடையுங்கள், வினிகர் கலந்த கிளீனரைத் தொடவே வேண்டாம்.