நெக்ஸ்ட் கொடுத்தால் யார் நகர்கிறார்கள்? ஜிடிபியோடு பன்னிரண்டு ஆண்டுகள்

லினக்ஸில் ஓடும் சி++ சர்வர் நிரல்களைப் பராமரிப்பது என் தொழில். அதற்காக, ஓடும் நிரலை இடையில் நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேட உதவும் ஜிடிபி டீபக்கரைப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏறத்தாழ நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். ஒரே த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) கொண்ட நிரலில் அதைக் கையாள ஒரு வாரத்தில் எவரும் பழகிவிடலாம். நாற்பது, ஐம்பது த்ரெட்கள் ஓடும் நிரல் வேறு கதை. தமிழில் இழை என்று எழுதுவோரும் உண்டு. அலுவலகத்தில் எல்லோரும் த்ரெட் என்றே சொல்வதால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். நெக்ஸ்ட் என்று கட்டளையிட்டு ஒரு வரி நகர்த்தும்போது உண்மையில் எந்தெந்த த்ரெட்கள் நகர்கின்றன என்ற எளிய கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளவே எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்த மூன்று ஆண்டுகளும் நான் ஒரு தவறான எண்ணத்தோடு வேலை பார்த்தேன். பிரேக்பாயிண்ட்டில், அதாவது நிறுத்தச் சொல்லிக் குறித்து வைத்த இடத்தில், நிரல் நின்றால் எல்லா த்ரெட்களும் நிற்கின்றன. ஆகவே நான் ஒரு வரி நகர்த்தினால் நான் பார்த்துக்கொண்டிருக்கும் த்ரெட் மட்டுமே நகரும் என்று நினைத்திருந்தேன். முதற்பாதி சரி, மறுபாதி தவறு. இயல்பான அமைப்பில், நின்றவை எல்லாம் நெக்ஸ்ட் கொடுத்த நொடியில் ஒன்றாக ஓடத் தொடங்குகின்றன; என் த்ரெட் அடுத்த வரியைத் தொட்டதும் மீண்டும் எல்லாம் நிறுத்தப்படுகின்றன. இடைப்பட்ட நேரத்தில் மற்றவை எவ்வளவு தூரம் போயின என்பதற்குக் கணக்கு இல்லை. ஒருமுறை, என் நிரல்வரி எதுவும் தொடாத ஒரு எண்ணி, இரண்டு நெக்ஸ்ட்டுகளுக்கு இடையில் 12இலிருந்து 31 ஆக மாறியிருந்தது. நினைவகம் சிதைந்துவிட்டது என்று முடிவு செய்து ஒரு நாள் முழுவதும் வீணாக்கினேன். உண்மையில் மற்ற த்ரெட்கள் தம் வேலையைச் செய்திருந்தன, அவ்வளவுதான்.

இதற்கான மாற்று ஷெட்யூலர் லாக்கிங் என்ற அமைப்பு. அதை ஸ்டெப் என்று வைத்தால், வரிவரியாக நகர்த்தும்போது மட்டும் மற்றவை உறைந்திருக்கும். கண்டின்யூ கொடுத்தால் எல்லாம் ஓடும். ஆன் என்று வைத்தால் கண்டின்யூவிலும் கூட நடப்பு த்ரெட் ஒன்றே ஓடும். நான் அன்றாடம் வைத்திருப்பது ஸ்டெப். எனக்கு ஒரு மனக்குறை உண்டு: நான் பயன்படுத்திய பதிப்புகளில், நிரலைத் தொடங்கும் முன் தொடக்கக் கோப்பில் இந்த வரியை எழுதி வைத்தால், இந்த இலக்கு இதற்கு இடம் தராது என்று ஜிடிபி மறுத்துவிடும். ஆகவே நிரல் ஓடத் தொடங்கிய பின் கைப்பட அழைக்கும்படி ஒரு சிறு கட்டளையாக அதைச் செய்து வைத்திருக்கிறேன்.

ஜிடிபி த்ரெட்களை எப்படி அறிகிறது என்பதைப் படித்த பிறகுதான் அதன் வினோதங்கள் எனக்கு நியாயமாகத் தோன்றின. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு ஒவ்வொரு த்ரெட்டும் தனி எண் கொண்ட ஒரு பணி. பீட்ரேஸ் என்ற கெர்னல் வசதியின் வழியாக, புதிய த்ரெட் பிறக்கும்போதெல்லாம் தனக்குச் சொல்லும்படி ஜிடிபி கேட்டு வைக்கிறது. புதிய த்ரெட்டை உருவாக்கும் குளோன் அழைப்பு நடந்தவுடன், பெற்றதும் பிறந்ததும் இரண்டுமே நிறுத்தி வைக்கப்பட்டு, டீபக்கர் கணக்கில் எழுதிக்கொண்ட பிறகே ஓடவிடப்படுகின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலோடு அட்டாச் செய்யும்போது, அதாவது போய் இணையும்போது, ப்ராக் கோப்பகத்தில் அந்த நிரலுக்குரிய டாஸ்க் பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகப் பற்றுகிறது. படித்துக்கொண்டிருக்கும்போதே புதியவை பிறக்கக்கூடும் என்பதால், புதிதாக எதுவும் அகப்படாத நிலை வரும் வரை பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. ஆட்டுமந்தையை எண்ணும்போது குட்டி போட்டால் மறுபடி எண்ணத்தானே வேண்டும்.

நிறுத்துவதும் இப்படியே ஒவ்வொன்றாகத்தான். ஒரு த்ரெட் பிரேக்பாயிண்ட்டில் மோதியதும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிறுத்தச் சைகை அனுப்பி, அது நின்றதா என்று கெர்னலிடம் கேட்டுக் காத்திருக்கிறது. எல்லாம் ஒரே கணத்தில் உறைவதாகத் தோன்றுவது நம் கண்ணுக்கு மட்டுமே. இதன் பக்கவிளைவு ஒன்றை நான் விலை கொடுத்துக் கற்றேன். வாடிக்கையாளர் இடத்தில் ஓடிய எங்கள் நிரலோடு அட்டாச் செய்து, உடனே விலகினேன். ஒரு நொடியில் நிரல் தானாக மூடிக்கொண்டது. இணைப்புகளில் ஏதேனும் வருமா என்று பார்க்கும் ஈபோல் வெயிட் அழைப்பில் காத்திருக்கும் த்ரெட்டை இப்படி நிறுத்தி விடுவித்தால், குறுக்கிடப்பட்டது என்ற பிழை எண்ணோடு அழைப்பு திரும்பிவிடும். அதைப் பெரும்பிழையாகக் கருதி வெளியேறும்படி எழுதியிருந்தது நானேதான்.

பிரேக்பாயிண்ட்டின் உட்கூறு இன்னும் சுவையானது. எக்ஸ்86 செயலியில், நிறுத்த வேண்டிய இடத்தின் முதல் பைட்டை எடுத்து வைத்துவிட்டு, அங்கே இன்ட் 3 என்னும் ஒரு பைட் ஆணையை ஜிடிபி எழுதுகிறது. நிரற்குறியீடு எல்லா த்ரெட்களுக்கும் பொது. ஆகவே இந்தப் பொறியும் எல்லோருக்கும் பொது. த்ரெட் 7இல் மட்டும் நில் என்று நாம் சொன்னாலும், அந்த இடத்தைக் கடக்கும் அத்தனை த்ரெட்களும் பொறியில் விழுகின்றன. விழுந்தது 7 அல்ல என்று பார்த்து ஜிடிபி அவற்றை மீண்டும் அனுப்பி வைக்கிறது. பரபரப்பான செயற்கூற்றில் (ஃபங்ஷனில்) இப்படி ஒரு பிரேக்பாயிண்ட் வைத்தால் சர்வர் நத்தையாகிவிடுவது இதனால்தான். பொறியைக் கடந்து செல்வதிலும் சிக்கல் உண்டு. பழைய பைட்டைத் திரும்ப வைத்து ஒரு ஆணை மட்டும் ஓட்டிவிட்டு மீண்டும் பொறியை வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் மற்றொரு த்ரெட் அவ்வழியே வந்தால் நிற்காமல் நழுவிவிடும். எனவே மற்றவற்றை நிறுத்திவைக்க வேண்டும், அல்லது அந்த ஒற்றை ஆணையை வேறிடத்தில் நகலெடுத்து அங்கே ஓட்ட வேண்டும்.

இவ்வளவு நுட்பங்கள் இருந்தாலும், நான் மிகுதியாகப் பயன்படுத்துவது, எல்லா த்ரெட்களின் அழைப்பு அடுக்கையும் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற வரிசையையும்) ஒரே மூச்சில் அச்சிடும் த்ரெட் அப்ளை ஆல் பிடி என்ற ஒரே கட்டளைதான். ஓர் இரவு சர்வர் அசையாமல் நின்றபோது அதைத்தான் ஓட்டினேன். இரண்டு த்ரெட்கள், ஒரு நேரத்தில் ஒரே த்ரெட்டை உள்ளே விடும் மியூடெக்ஸ் என்னும் பூட்டுக்குக் காத்திருக்கும் செயற்கூற்றில் நின்றிருந்தன. முதலாவது காத்திருந்த மியூடெக்ஸின் உள்ளே, பூட்டை வைத்திருப்பவரைச் சொல்லும் ஓனர் என்ற உறுப்பை அச்சிட்டதும் ஓர் எண் வந்தது. இன்ஃபோ த்ரெட்ஸ் பட்டியலில் அந்தக் கெர்னல் எண்ணுக்குரியது இரண்டாவது த்ரெட். இரண்டாவது காத்திருந்த மியூடெக்ஸிலும் அதேபோல் பார்த்தேன், முதலாவதின் எண். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் டெட்லாக் கையும் களவுமாக அகப்பட்டது.

அந்தப் பட்டியலை விரைவில் படிக்க முடிந்ததற்கு, த்ரெட்களுக்குப் பெயர் வைத்திருந்ததும் காரணம். லினக்ஸ் இதற்கு 15 பைட்கள் மட்டுமே தருகிறது. விளையாட்டாக ஒருநாள் தமிழ்ப் பெயர் வைத்துப் பார்த்தேன். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால், ‘செலவு’ என்பது சரியாக 15இல் அடங்கியது. ‘எழுத்தர்’ 24 ஆகி மறுக்கப்பட்டது.

ஷெட்யூலர் லாக்கிங்கை ஆன் செய்வது கத்திபோன்றது. உறைந்த த்ரெட் ஒன்று பூட்டை வைத்திருக்க, நடப்பு த்ரெட் அதே பூட்டைக் கேட்டால், நிரல் ஒருபோதும் திரும்பாது. கண்ட்ரோல் சி அழுத்தித்தான் மீள வேண்டும். ஆனால், த்ரெட்கள் ஓடும் வரிசையைப் பொறுத்து விளைவு மாறிவிடும் ரேஸ் கண்டிஷனைக் கையால் நடத்திக்காட்ட இதைவிடச் சிறந்த வழியை நான் பார்த்ததில்லை. கையிருப்பு பூச்சியத்தைவிடக் கூடுதலா என்று பார்த்துவிட்டு, அடுத்த வரியில் ஒன்றைக் கழிக்கும் குறியீடு எங்களிடம் இருந்தது. இரண்டு வரிகளுக்கு நடுவே என்ன நடந்துவிடப் போகிறது என்று சக ஊழியர் ஒருவர் வாதிட்டார். கையிருப்பு 1. த்ரெட் 3 சோதனையைக் கடந்ததும் நிறுத்தினேன். லாக்கிங்கை ஆன் செய்து த்ரெட் 5க்கு மாறி, அதே சோதனையைக் கடக்கவைத்துக் கழிக்கவும் விட்டேன். மீண்டும் 3க்கு வந்து ஒரு நெக்ஸ்ட். திரையில் -1. அவர் எழுந்து போய்ப் பூட்டைச் சேர்த்தார்.

ஒரு மதிப்பு மாறும்போது நிரலை நிறுத்தும் வாட்ச்பாயிண்ட் பற்றிச் சுருக்கமாக: எக்ஸ்86இல் வன்பொருள் கண்காணிப்புப் பதிவேடுகள் 4 மட்டுமே, அவையும் த்ரெட்டுக்குத் தனித்தனி என்பதால் ஜிடிபி ஒவ்வொன்றிலும் எழுதி வைக்கிறது. அந்த எல்லையைத் தாண்டி மென்பொருள் முறைக்குச் சென்றால் வேகம் அடியோடு போய்விடும். மேலும், நடப்பு த்ரெட் செய்யும் மாற்றம் மட்டுமே கண்ணில் படும் என்பதால், பிற த்ரெட்டைப் பிடிக்க அது உதவாது.

2009இல் வெளிவந்த 7.0 பதிப்பிலிருந்து நான்ஸ்டாப் முறை இருக்கிறது: மோதிய த்ரெட் மட்டும் நிற்கும், மற்றவை ஓடும். இதய ஒலிபோல் நொடிக்கொரு செய்தி அனுப்பும் த்ரெட் நின்றால் எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிடும் நிரல்களில் இது பேருதவி. எனினும் நிரல் ஓடத் தொடங்கும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். கண்டின்யூ கொடுத்தால் ஒரு த்ரெட் மட்டுமே தொடரும் என்பதையும் கை மறந்துவிடுகிறது. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் நான் இதைத் தொடுவதில்லை.

டீபக்கரைச் செருகியதும் மறைந்துவிடும் பிழைகளுக்கு இப்போது மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் கருவியை நாடுகிறேன். அது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிட்டு நிகழ்வைப் பதிவு செய்கிறது. பிறகு அதே ஓட்டத்தை ஜிடிபியில் எத்தனை முறை வேண்டுமானாலும், பின்னோக்கியும் கூட, நடத்திப் பார்க்கலாம். செயலியின் செயல்திறன் எண்ணிகளை அது நம்பியிருப்பதால், அவற்றைத் திறந்துவிடாத மெய்நிகர் கணினிகளில் ஓடாது. எங்கள் சோதனைச் சர்வர்களில் பாதி அப்படிப்பட்டவை. அதற்காகவே மேசைக்கடியில் ஒரு பழைய கணினியை வைத்திருக்கிறேன்.