இன்சென்டிவ்னு சொல்லி 38,400 ரூபாயை முழுங்கிட்டாங்க: டூவீலர் ஷோரூம் வேலைக்குப் போறவங்க படிங்க

நேத்து சாயங்காலம் ஒருவழியா நான் வேலை பார்த்த ஷோரூம் மேனேஜர் போனை எடுத்தார். "பாப்பா, சிஸ்டத்துல உன் பேர்ல ஒரு வண்டிகூட இல்ல. எதுக்கு நான் காசு தரணும்?" அவ்வளவுதான், வச்சிட்டார். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. இன்னும் கை நடுங்குது. 38,400 ரூபா. வெயில்லயும் மழையிலயும் அலைஞ்சு நான் சம்பாதிச்ச காசு அது.

கடை பேரைப் போடல. போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுல பயப்படுறாங்க. ராமநாதபுரம் டவுன்ல இருக்க ஒரு டூவீலர் ஷோரூம்னு மட்டும் வச்சுக்கங்க. வேற இடங்கள்ல சேல்ஸ்ல இருந்த என் கூடப் படிச்ச புள்ளைகளும் இதே கதையைத்தான் சொல்லுதுக. சேரும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விரிவா எழுதுறேன், படிச்சிட்டுப் போங்க.

2025 ஆகஸ்ட்ல வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல விளம்பரம் பார்த்தேன். "பெண்களுக்கு முன்னுரிமை. சம்பளம் 9,000 + அளவில்லா இன்சென்டிவ்". அப்பா மண்டபத்துல விசைப்படகுல கூலிக்குப் போறவர். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், படகு கரையில கிடக்கும், வருமானமே கிடையாது. அந்த ரெண்டு மாசத்துக்காக அம்மா செயினை அடகு வச்சிருந்தோம். 9,000 சம்பளத்துல வட்டிதான் கட்டலாம், செயினை மீட்க முடியாது. நான் அந்த வேலைக்குப் போனதே இன்சென்டிவை, அதாவது விற்கிற வண்டிக்குத் தர்ற ஊக்கத்தொகையை நம்பித்தான்.

இன்டர்வியூவுக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். மேனேஜர் எந்திரிச்சு வந்து அம்மாவுக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிட்டு வரச் சொன்னார். "உங்க பொண்ணு எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா, ஏழு மணிக்குள்ள பஸ் ஏத்தி விட்டுருவோம்"னார். அப்புறம் கொட்டேஷன் எழுதுற பேடுல ஒரு தாளைத் திருப்பிப் போட்டு, நீல மையில கட்டம் கட்டி எழுதினார். மாசம் 5 வண்டி வரைக்கும் இன்சென்டிவ் இல்ல. 6-ல இருந்து 10 வரை வண்டிக்கு 500. பத்தைத் தாண்டிட்டா முதல் வண்டியில இருந்தே வண்டிக்கு 1,000. லோன் போட்டுக் குடுத்தா ஃபைலுக்குத் தனியா 300. கீழ கோடு போட்டுக் கூட்டிக் காட்டி, "சீசன்ல உன் கைக்கு இருபதாயிரம் சர்வசாதாரணமா வரும் தங்கச்சி"ன்னு தாளைக் கிழிச்சு அம்மா கையில குடுத்தார். அம்மா அதை மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டாங்க. பெத்தவங்க முன்னாடி உக்காந்து இவ்வளவு தெளிவா கணக்குப் போட்டுக் குடுக்குற மனுஷரை யார் சந்தேகப்படுவா?

பொம்பளைப் புள்ளை எதுக்கு வேணும்னு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சது. கீழக்கரையில பாதி வீட்டுல ஆம்பளைங்க துபாய், சவுதின்னு இருக்காங்க. ஸ்கூட்டர் ஓட்டப்போறது வீட்டுப் பொம்பளைங்க. சேல்ஸ் பையன் போனா வாசலோட நிக்கணும். நான் போனா உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. சீட்டு உயரம், டிக்கியில எவ்வளவு சாமான் வைக்கலாம், புர்கா சக்கரத்துல மாட்டாம எப்படி உக்காரணும், எல்லாத்தையும் கேட்பாங்க. வீடியோ கால்ல மாப்பிள்ளைகிட்ட வண்டியைச் சுத்திக் காட்டி, அங்கேயே அட்வான்ஸ் வாங்கிருவேன். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி துரு. உப்புக் காத்துல சைலன்சரும் செயின் கவரும் எத்தனை வருஷம் தாங்கும்னு கேட்பாங்க. நான் உள்ளதைச் சொல்வேன்: கோட்டிங் போட்டாலும் வாரம் ஒருக்கா நல்ல தண்ணியில கழுவணும்னு. அதைக் கேட்டே என்னை நம்பி வாங்கினவங்க உண்டு.

அந்த நேரம் பார்த்து ஜிஎஸ்டி குறைஞ்சது. 350 சிசி வரைக்கும் உள்ள வண்டிக்கு 28 சதவீதமா இருந்தது செப்டம்பர் 22-ல இருந்து 18 ஆச்சு. ஆகஸ்ட் 15-ல பிரதமர் சொன்னதுல இருந்தே ஜனங்க வாங்காமக் காத்துக்கிட்டு இருந்தாங்க. புக்கிங் மட்டும் குவிஞ்சது. 22-க்கு அப்புறம் ஆயுத பூஜை, தீபாவளின்னு ஷோரூம் வாசல்ல நிக்க இடமில்ல. செப்டம்பர்ல நான் கொண்டுவந்து டெலிவரி ஆனது 14 வண்டி, அக்டோபர்ல 19. ரெண்டு மாசமும் பத்தைத் தாண்டியாச்சு. 33 வண்டிக்கு 33,000. லோன் ஃபைல் 18, அதுக்கு 5,400. கூட்டுங்க, 38,400. ஒவ்வொரு வண்டிக்கும் தேதி, ஆள் பேர், சேஸிஸ் நம்பரோட கடைசி அஞ்சு எழுத்து வரைக்கும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

அக்டோபர் சம்பளத்துல 9,000 மட்டும் வந்தது. கேட்டேன். "கம்பெனி ஸ்கீம் இன்னும் செட்டில் ஆகல, அடுத்த மாசம் சேர்த்து வரும்"னாங்க. அடுத்த மாசமும் 9,000. "புக்கிங் கணக்கு இல்ல, ரீடெய்ல்தான் கணக்கு"ன்னாங்க. அதாவது பில் போட்டு, வண்டி வெளிய போய், ரிஜிஸ்டர் ஆனாத்தான் விற்பனையாம். சரி, என் 33 வண்டியும் டிஎன் 65 நம்பரோட ஊருக்குள்ள ஓடுது, அப்புறம் என்னன்னேன். "அக்கவுன்ட்ஸ் மேடத்தைக் கேளு." மேடத்தைக் கேட்டா, "மேனேஜர் லிஸ்ட் குடுத்தா போடுவேன்." மேனேஜரைக் கேட்டா, "ஓனர் சென்னை போயிருக்கார்." ஓனர் வந்தார். கண்ணாடி ரூமுக்கு வெளிய மதியம் வரைக்கும் நிக்க வச்சு, சாப்பிடக் கிளம்பிட்டார். வண்டி தயாரிக்கிற கம்பெனியோட கஸ்டமர் கேருக்கும் போன் போட்டேன். ஷோரூம் ஆளுங்க டீலரோட ஊழியர், இதுல நாங்க தலையிட முடியாதுன்னுட்டாங்க.

டிசம்பர்ல கீழக்கரை லாத்தா (அக்கா) ஒருத்தங்க இன்சூரன்ஸ் விஷயமா கூப்பிட்டு, பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினாங்க. நான் மூணு தடவை அவங்க வீட்டுக்குப் போய் விற்ற வண்டி. பில்லுல "சேல்ஸ் எக்சிகியூட்டிவ்"னு இருக்க இடத்துல எங்க டீம் லீடர் பேர்! எனக்கு வயிறு கலங்கிருச்சு. தெரிஞ்ச கஸ்டமர் எல்லாருக்கும் மெசேஜ் போட்டு பில் கேட்டேன். அனுப்பின எல்லாத்துலயும் அதே பேர். சேர்ந்த அன்னைக்கு, "சிஸ்டத்துல உனக்கு ஐடி இன்னும் வரல, டீம் லீடர் ஐடியில என்கொயரி போடு, பிறகு மாத்திக்கலாம்"னு சொன்னது இதுக்குத்தான். தீபாவளி டார்கெட் முடிச்சதுக்காக அந்த டீம் லீடருக்குச் சால்வை போட்டாங்க. அந்தப் போட்டோவுல ஓரத்துல நின்னு நானும் கை தட்டிக்கிட்டு இருக்கேன்.

பில்லுகளைக் காட்டினதும் பேச்சு மாறிருச்சு. "நீ ட்ரெயினிங்ல இருந்த, ட்ரெயினிக்கு இன்சென்டிவ் கிடையாது"ன்னாங்க. அப்புறம், ஃப்ரீயா குடுத்த ஹெல்மெட்டும் சீட் கவரும் 6,000 ரூபா உன் கணக்குல நிக்குது, அதைக் கட்டுன்னாங்க. அத்தனையும் மேனேஜர் வாயால குடுக்கச் சொன்னது. வண்டி என் பேர்ல இல்லையாம், தள்ளுபடி மட்டும் என் பேர்ல நிக்குமாம். என்ன நியாயம் இது? பொங்கல் கழிஞ்சதும் நின்னுட்டேன். அதுக்கப்புறம் போன் எடுக்கிறதையும் விட்டுட்டாங்க, நேத்துதான் எடுத்தார்.

வக்கீல்கிட்ட கிளார்க்கா இருக்க எங்க தெரு அக்கா ஒரு விஷயம் சொன்னாங்க. எல்லாரும் தெரிஞ்சுக்கணும். 2025 நவம்பர் 21-ல ஊதியச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கு. வேலையை விட்டு நின்னா, வரவேண்டிய சம்பளத்தை ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும். ஆனா கமிஷன், அதாவது விற்பனைக்கு ஏத்த மாதிரி வர்ற காசு, அந்தச் சட்டத்துல "ஊதியம்"ங்கிற கணக்குல சேராது. கமிஷன், படின்னு இப்படி ஒதுக்கி வைக்கிற தொகை எல்லாம் சேர்ந்து மொத்தத்துல பாதியைத் தாண்டினா, தாண்டின பகுதிதான் ஊதியமா கணக்காகும். பிஎஃப் பிடித்தத்துலயும் பொதுவா கமிஷனைச் சேர்க்க மாட்டாங்க. சம்பளத்தைச் சின்னதா வச்சு இன்சென்டிவைப் பெருசா பேசுறதுல முதலாளிக்கு இவ்வளவு லாபம் இருக்கு. எங்களுக்கு எழுத்து இல்லாம ஒன்னுமே இல்ல. அம்மா பர்ஸ்ல இருக்க அந்தத் தாளுல சீலும் இல்ல, கையெழுத்தும் இல்ல. இருந்தாலும் அதையும் நோட்டையும் பில் போட்டோக்களையும் வச்சு தொழிலாளர் துறை அலுவலகத்துல மனு எழுதிக் குடுக்கப் போறேன். 38,400-ஐ விடப்போறதில்ல.

விரிவா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப முடியல, தலை வலிக்குது. முக்கியமானதை மட்டும் சொல்றேன். ஆஃபர் லெட்டர்லயே ஸ்லாப் (எத்தனை வண்டிக்கு எவ்வளவு காசுங்கிற கணக்கு) இருக்கணும், வாய்ப் பேச்சு வேணாம். ட்ரெயினிங் எத்தனை மாசம், அதுல இன்சென்டிவ் உண்டா இல்லையான்னு எழுதி வாங்குங்க. ரீடெய்லா புக்கிங்கான்னு கேளுங்க. தள்ளுபடி குடுக்கச் சொன்னா வாட்ஸாப்ல மெசேஜா போடச் சொல்லுங்க. டெலிவரி அன்னைக்கே பில்லைப் போட்டோ எடுத்து, யார் பேர் இருக்குன்னு பாருங்க.

இன்னைக்குக் காலையில அதே கடை மறுபடியும் ஸ்டேட்டஸ் போட்டிருக்கு. பெண்களுக்கு முன்னுரிமை, 9,000 + இன்சென்டிவ். உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கத்துப் புள்ளைக யாராவது போறதா இருந்தா, உங்க பேர்ல ஐடி குடுக்கிற வரைக்கும் ஒரு கஸ்டமர் நம்பரைக்கூட அவங்ககிட்ட குடுக்காதீங்க.