காபிப் பானையா, மீன் தொட்டியா?

இணையத்தின் தொடக்க காலத்துக் கேமரா தளங்களில் எனக்கு இரண்டின் மேல் தனிப் பிரியம். கேம்பிரிட்ஜ் காபிப் பானை, அந்நாளைய இணைய உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் மீன் தொட்டி.

பானைத் தளம் பிறந்ததே தேவையால்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தின் மற்ற மாடிகளிலிருந்து ஆட்கள் காபிக்கு நடந்து வந்தால் பானை காலியாக இருக்கும், அதனால் 1991-ல் அதன் முன்னால் ஒரு கேமராவை வைத்து உள் வலையமைப்பில் படத்தைக் காட்டினார்கள். 1993-ல் அது வலைக்கு வந்ததும் அந்த 128க்கு 128 புள்ளிக் கருப்பு வெள்ளைப் படத்தை எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம் பார்க்க ஆரம்பித்தார்கள். 2001 ஆகஸ்டில் கேமராவை நிறுத்தியபோது, பானையை ஜெர்மனியின் செய்தித் தளமான ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது!

மீன் தொட்டி 1994-ல் வந்தது, வைத்தவர் லூ மான்டுலி, இணையதளங்கள் நம்மை நினைவில் வைக்க உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்பான குக்கீயை உருவாக்கினாரே அவரேதான். நெட்ஸ்கேப் உலாவியில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நேராகத் தொட்டிக்குப் போய்விட முடிந்தது, அருமையான குறும்பு.

சரி, எது மேல்? கண்ணுக்கு அழகு மீன்தான். ஆனால் என் ஓட்டு பானைக்கு, ஏனென்றால் அதிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்க வழியில்லாதவர்களும் காபி இருக்கிறதா என்று ஆசையாக எட்டிப் பார்த்தார்கள்.